அணுவின் அடிப்படைத் துகள்கள்: எந்த அணுவையும் நீங்களே கணக்கிட்டு அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான். பள்ளியில் அறிவியல் படித்த யாரும் இந்த மூன்று பெயர்களை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ‘செம்பு அணுவில் எத்தனை நியூட்ரான்கள் இருக்கின்றன?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயங்கித்தான் வரும்; வந்தாலும் பெரும்பாலும் 35 என்றே வரும். இயற்கையில் கிடைக்கும் எந்தச் செம்பு அணுவிலும் 35 நியூட்ரான்கள் கிடையாது. அந்தப் பிழை எப்படி நுழைகிறது என்பதை நான்காம் படியில் பார்ப்போம்.

பெயர்களை மனப்பாடம் செய்வதோடு பாடம் நின்றுவிடுவதே இத்தகைய பிழைகளுக்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று துகள்களுக்கும் மூன்று வேறு வேலைகள் உண்டு. ஓர் அணு எந்தத் தனிமம் என்பதைப் புரோட்டான்கள் தீர்மானிக்கின்றன. அது மற்ற அணுக்களோடு எப்படிச் சேரும் என்பதை எலக்ட்ரான்கள் தீர்மானிக்கின்றன. அதன் மையத்திலுள்ள கரு நிலைத்து நிற்குமா, எவ்வளவு கனம் இருக்கும் என்பதில் நியூட்ரான்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த மூன்று கேள்விகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் அணுக் கணக்கில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒரு தனிம வரிசை அட்டவணை, ஒரு தாள், ஒரு பென்சில் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல், கழித்தல், கொஞ்சம் பெருக்கல் தெரிந்தால் போதும்.

படி 1: மூன்று துகள்களையும் தனித்தனியே அறிந்துகொள்ளுங்கள்

முதலில் அகப்பட்டது எலக்ட்ரான். 1897-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன், காற்றைப் பெருமளவு வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்க்குள் பாயும் கேத்தோடு (எதிர்மின்வாய்) கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் பார்த்தார். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து, கதிரில் உள்ள துகளின் மின்சுமைக்கும் நிறைக்கும் இடையிலான விகிதம் கிடைத்தது. கேத்தோடை வேறு உலோகத்தில் செய்து பார்த்தார். குழாயில் வேறு வாயுவை அடைத்துப் பார்த்தார். விகிதம் மாறவில்லை. எல்லாப் பொருள்களிலும் ஒரே துகள் பொதுவாக இருக்கிறது என்ற முடிவு இப்படித்தான் பிறந்தது. பின்னர் அமெரிக்காவில் ராபர்ட் மில்லிகன் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அதன் மின்சுமையை அளந்தார். இன்று நாம் ஏற்கும் மதிப்பு 1.602 × 10⁻¹⁹ கூலும், எதிர்மின்சுமை.

புரோட்டானின் மின்சுமையும் அளவில் அதுவேதான், ஆனால் நேர்மின்சுமை. நிறையில்தான் பெரிய வேறுபாடு: ஒரு புரோட்டான் ஏறத்தாழ 1836 எலக்ட்ரான்களுக்குச் சமம். ‘புரோட்டான்’ என்ற பெயரை எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு 1920-இல் முன்மொழிந்தார்.

நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. மின்புலத்துக்கோ காந்தப்புலத்துக்கோ வளைந்து கொடுக்காத ஒரு துகளைப் பிடிப்பது எளிதா? அதனால்தான் 1932 வரை அது கண்ணில் படவில்லை. பெரிலியத்தின்மீது கதிரியக்கப் பொருள்கள் வெளிவிடும் கனமான ஆல்பா துகள்களை மோதவிட்டால், எளிதில் ஊடுருவிச் செல்லும் ஒரு கதிர் வெளிப்படும். அது பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வேகமாக வெளியே தள்ளும். பாரிசில் இதைக் கண்ட ஐரீன், பிரெடரிக் ஜோலியோ-கியூரி தம்பதி அதை, ஒளியைப் போன்ற நிறையற்ற காமா கதிர் என்று கருதினார்கள். ஜேம்ஸ் சாட்விக் கணக்குப் போட்டுப் பார்த்தார். காமா கதிர் என்று கொண்டால் ஆற்றல் கணக்கு ஒத்துவரவில்லை. புரோட்டானுக்கு நெருங்கிய நிறை கொண்ட, மின்சுமையற்ற துகள் என்று கொண்டால் எல்லாம் பொருந்தியது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1935-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அணு நிறை அலகில் புரோட்டான் 1.00728, நியூட்ரான் 1.00866, எலக்ட்ரான் 0.00055. சாதாரணக் கணக்குகளுக்கு 1, 1, 0 என்று எடுத்துக்கொள்ளலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் உள்ள எல்லா எலக்ட்ரான்களையும் சேர்த்து நிறுத்தாலும் சுமார் 20 கிராம்தான் தேறும்.

படி 2: கருவையும் அதன் வெளியையும் பிரித்துப் பாருங்கள்

தாம்சனின் காலத்தில், நேர்மின்சுமை அணு முழுவதும் பரவியிருக்கிறது என்றும், எலக்ட்ரான்கள் அதற்குள் பதிந்திருக்கின்றன என்றும் நம்பினார்கள். அதைத் தகர்த்தது மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டலில் நடந்த சோதனை.

ஹான்ஸ் கைகரும், அப்போது இளம் மாணவராக இருந்த எர்னஸ்ட் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மீது ஆல்பா துகள்களைப் பாய்ச்சினார்கள். அன்று துகள்களை எண்ண மின்னணுக் கருவி ஏதும் இல்லை. துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஒவ்வோர் ஆல்பா துகள் படும்போதும் ஒரு சிறு ஒளிப்பொட்டு மின்னி மறையும். இருட்டறையில் கண்களைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கி வழியே அந்த மின்னல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பெரும்பாலான துகள்கள் தகட்டை நேராகக் கடந்து சென்றன. ஆனால் சில வந்த பக்கமே திரும்பின. 1909-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, பிளாட்டினத் தகட்டில் ஏறத்தாழ 8000-த்துக்கு ஒன்று இப்படித் திரும்பியது.

அந்த ஒன்றை ‘ஏதோ அளவீட்டுப் பிழை’ என்று அவர்கள் ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. வேகமாக வரும் கனமான ஆல்பா துகளைத் திருப்பியடிக்க வேண்டுமானால், நேர்மின்சுமை முழுவதும் மிகச் சிறிய ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும். 1911-இல் ரூதர்ஃபோர்டு எட்டிய முடிவு இது. அந்த இடம்தான் அணுக்கரு.

புரோட்டான்களும் நியூட்ரான்களும் கருவுக்குள்; எலக்ட்ரான்கள் வெளியே. ஹைட்ரஜனின் கருவாகிய ஒற்றைப் புரோட்டானை ஒரு மிளகின் அளவுக்குப் பெரிதாக்கினால், அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 300 மீட்டர் ஆகிவிடும். பாடப்புத்தகப் படங்களில் இந்த விகிதத்தைக் காட்ட இடமில்லை. எனவே அந்தப் படங்களைப் பார்த்து அளவை ஊகிக்காதீர்கள்.

படி 3: முதலில் புரோட்டான்களை எண்ணுங்கள்

எந்த அணுவைக் கொடுத்தாலும் முதல் கேள்வி இதுதான்: புரோட்டான்கள் எத்தனை? அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள முழு எண் அணு எண். அதுவே புரோட்டான்களின் எண்ணிக்கை. 6 என்றால் கார்பன், 11 என்றால் சோடியம், 79 என்றால் தங்கம். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இன்று இது எளிதாகத் தெரிகிறது. மெண்டலீவ் காலத்தில் தனிமங்களை அணு நிறையின்படி வரிசைப்படுத்தினார்கள்; சில இடங்களில் அந்த வரிசை உதைத்தது. கோபால்ட்டின் அணு நிறை 58.93, நிக்கலின் அணு நிறை 58.69. நிறையைப் பார்த்தால் நிக்கல் முன்னால் வர வேண்டும். வேதிப் பண்புகளோ கோபால்ட்டை முன்னால் வைக்கச் சொல்கின்றன. 1913-இல் ஹென்றி மோஸ்லி ஒவ்வொரு தனிமமும் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சீராக ஒவ்வொரு படியாக ஏறியது. அந்தப் படிக்கட்டில் கோபால்ட் 27, நிக்கல் 28. அணு எண் என்பது வெறும் வரிசை எண் இல்லை, கருவின் மின்சுமையே அது என்பது இப்படி உறுதியானது. இரண்டு ஆண்டுகளில், 27 வயதில், மோஸ்லி முதல் உலகப் போரில் கலிப்போலியில் கொல்லப்பட்டார். அறிவியல் வரலாற்றில் இதைவிட வருந்தத்தக்க இழப்புகள் எனக்கு அதிகம் நினைவுக்கு வரவில்லை.

படி 4: நியூட்ரான்களைக் கழித்துக் கண்டுபிடியுங்கள்

புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டினால் வருவது நிறை எண். எனவே நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்கள் கிடைக்கும். சோடியம்-23 என்றால் 23 − 11 = 12. யுரேனியம்-238 என்றால் 238 − 92 = 146. ஹைட்ரஜன்-1 என்றால் 1 − 1 = 0. ஆம், நியூட்ரானே இல்லாத அணுவும் உண்டு. உங்கள் வீட்டுத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் பெரும்பாலும் அதுதான்.

பிழை நுழையும் இடம் இதுதான், கவனியுங்கள். நிறை எண் வேறு, அட்டவணையில் அச்சிட்டிருக்கும் அணு நிறை வேறு. நிறை எண் என்பது ஒரு குறிப்பிட்ட அணுவில் உள்ள துகள்களை எண்ணிச் சொல்வது; எப்போதும் முழு எண். அணு நிறை என்பது இயற்கையில் கலந்து கிடைக்கும் பலவகை அணுக்களின் சராசரி.

செம்பின் அணு நிறை 63.55. இதை 64 என்று முழுமையாக்கி, அணு எண் 29-ஐக் கழித்தால் 35 வருகிறது. ஆனால் இயற்கையில் உள்ள செம்பு அணுக்களில் சுமார் 69 விழுக்காடு செம்பு-63, மீதி செம்பு-65. அவற்றில் இருப்பவை முறையே 34, 36 நியூட்ரான்கள். புரோமினும் இதே கதைதான். அட்டவணையில் 79.90 என்று இருக்கும். இயற்கையில் கிடைப்பவை ஏறத்தாழ சரிபாதியாக புரோமின்-79, புரோமின்-81. புரோமின்-80 அங்கே இல்லவே இல்லை. ஆகவே கேள்வியில் நிறை எண் தரப்படாவிட்டால், ‘எந்த ஐசோடோப்பு?’ என்று கேட்டுத் தெளிந்த பிறகே கழியுங்கள்.

புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்களே ஐசோடோப்புகள். சராசரி எப்படி வருகிறது என்பதைக் குளோரினைக் கொண்டு போட்டுப் பாருங்கள். குளோரின்-35 சுமார் 75.8 விழுக்காடு, குளோரின்-37 சுமார் 24.2 விழுக்காடு.

35 × 0.758 = 26.53
37 × 0.242 = 8.95
மொத்தம் 35.48

அட்டவணையில் இருப்பது 35.45. அந்தச் சிறிய வேறுபாட்டை அப்படியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் படியில் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஐசோடோப்புகளின் வேதிப் பண்புகள் ஏறக்குறைய ஒன்றே. ஹைட்ரஜனில் மட்டும் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஒரு நியூட்ரான் சேர்ந்தாலே அதன் நிறை இரட்டிப்பாகிவிடுகிறது. அந்த இரட்டை நிறை ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தால் ஆன தண்ணீர்தான் கனநீர். அது 3.8 டிகிரி செல்சியசிலேயே உறைகிறது. அதன் பனிக்கட்டி சாதாரணத் தண்ணீரில் மூழ்கிவிடும். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் இயற்கை யுரேனியத்தில் இயங்குவது கனநீரால்தான். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் அவற்றை விழுங்கிவிடக் கூடாது. சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரான்களைக் கணிசமாக விழுங்கும். டியூட்டீரியம் மிகக் குறைவாகவே விழுங்கும். கூடங்குளத்தில் சாதாரணத் தண்ணீர். அதனால் அங்கே செறிவூட்டிய யுரேனியம் (யுரேனியம்-235 இன் பங்கைக் கூட்டியது) தேவைப்படுகிறது. கருவில் ஒரு நியூட்ரான் கூடுவதும் குறைவதும் இரண்டு அணுமின் நிலையங்களின் வடிவமைப்பையே மாற்றிவிடுகிறது.

படி 5: எலக்ட்ரான்களைக் கணக்கிடுங்கள்

மின்சுமையற்ற அணுவில் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சம எண்ணிக்கையில் இருக்கும். சோடியத்தில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். அயனி, அதாவது மின்சுமை பெற்ற அணு என்றால், நேர்மின்சுமையைப் புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து கழியுங்கள், எதிர்மின்சுமையைக் கூட்டுங்கள். ஒரு நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனியில் 10 எலக்ட்ரான்கள். ஓர் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனியில் 17 + 1 = 18.

‘நேர் அயனி என்றால் ஒரு புரோட்டான் கூடிவிட்டது’ என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். இதை விட்டுக்கொடுக்காமல் திருத்த வேண்டும். வேதிவினை எதிலும் கருவின் புரோட்டான் எண்ணிக்கை மாறுவதில்லை. எலக்ட்ரான்தான் வெளியேறுகிறது அல்லது வந்து சேருகிறது. சோடியம் அயனியில் நியானைப் போலவே 10 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அதனால் அது நியானாகிவிடவில்லை. 11 புரோட்டான்கள் இருக்கும்வரை அது சோடியமே.

அந்த ஓர் எலக்ட்ரானின் வலிமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சோடியம் உலோகத்தின் துண்டைத் தண்ணீரில் போட்டால் சீறிப் பாய்ந்து தீப்பற்றும், சில வேளை வெடிக்கும். சோடியம் அயனியோ சமையல் உப்பில் இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் நீரில் இருக்கிறது. கரு ஒன்றேதான். எலக்ட்ரான் எண்ணிக்கைதான் 11-இலிருந்து 10 ஆகியிருக்கிறது.

படி 6: எலக்ட்ரான்களைக் கூடுகளில் அடுக்குங்கள்

கருவிலிருந்து வெளிநோக்கி 1, 2, 3 என்று கூடுகளை எண்ணினால், ஒரு கூட்டில் அதிகபட்சம் இடம்பெறும் எலக்ட்ரான்கள்: கூட்டின் எண்ணை வர்க்கப்படுத்தி இரண்டால் பெருக்குங்கள். அதாவது 2, 8, 18, 32. சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. வெளிக்கூட்டில் எட்டு நிறைவதே நிலையான அமைப்பு. சோடியம் ஒன்றை விட்டுவிட, குளோரின் ஒன்றைப் பெற்றுக்கொள்ள, சமையல் உப்பு கிடைக்கிறது.

பொட்டாசியத்துக்கு வரும்போது நிதானியுங்கள். 19 எலக்ட்ரான்களை 2, 8, 9 என்று எழுதத் தோன்றும். மூன்றாம் கூட்டில் 18 வரை இடம் இருக்கிறதே! ஆனால் வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் இருப்பதில்லை. எனவே 2, 8, 8, 1. முதல் 20 தனிமங்களுக்கு இந்த முறை போதும். அதற்கு மேல் துணைக்கூடுகளைக் கற்றுக்கொண்ட பிறகு செல்லுங்கள்.

இந்த வட்டங்கள் எண்ணிக்கையை நினைவில் வைக்க உதவும் படங்கள்தாம். எலக்ட்ரான் உண்மையிலேயே வட்டப்பாதையில் சுற்றிக்கொண்டிருந்தால், பழைய இயற்பியல் விதிகளின்படி அது கதிர்வீச்சாக ஆற்றலை இழந்து, கண் இமைப்பதற்குள் கருவில் விழுந்திருக்க வேண்டும். 1926-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாடு, எலக்ட்ரான் எங்கே காணப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே சொல்கிறது. பாதை என்று ஒன்று அதில் இல்லை.

படி 7: கரு நிலைத்து நிற்குமா என்று பாருங்கள்

நேர்மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்கும். அப்படியானால் தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்கள் சிதறாமல் எப்படி ஒட்டியிருக்கின்றன? புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் வலிமையான அணுக்கரு விசை இருக்கிறது. அதன் எட்டும் தூரம் மிகக் குறைவு. பக்கத்தில் உள்ள துகள்களை மட்டும் பிடிக்கும். மின்விலக்கமோ கருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எட்டும். கரு பெரிதாகப் பெரிதாக விலக்கம் மேலோங்குகிறது. அதை ஈடுகட்ட, விலக்காமல் பிணைக்க மட்டும் செய்யும் நியூட்ரான்கள் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

எண்களில் இது தெளிவாகத் தெரியும். கால்சியம்-40 இல் 20 புரோட்டான், 20 நியூட்ரான். இரும்பு-56 இல் 26, 30. காரீயம்-208 இல் 82, 126. காரீயத்துக்கு அப்பால் முற்றிலும் நிலையான கரு எதுவும் இல்லை.

நியூட்ரான்கள் அளவுக்கு மேல் கூடினாலும் சிக்கல்தான். கார்பன்-14 இல் 6 புரோட்டான், 8 நியூட்ரான். அதில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானையும் எதிர்நியூட்ரினோ என்ற மின்சுமையற்ற, மிக இலேசான துகளையும் வெளியேற்றுகிறது. இப்போது 7 புரோட்டான், 7 நியூட்ரான்: அது நைட்ரஜன்-14. புரோட்டான் எண்ணிக்கை மாறிய அந்தக் கணமே தனிமத்தின் பெயரும் மாறிவிடுகிறது. இந்தச் சிதைவின் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 5730 ஆண்டுகள். பழங்கால மரத்துண்டு, கரி, எலும்பு ஆகியவற்றின் வயதைக் கணிப்பது இதைக் கொண்டுதான். கருவுக்கு வெளியே தனித்துவிடப்பட்ட நியூட்ரானும் இவ்வாறே சிதையும். அதன் சராசரி ஆயுள் 15 நிமிடங்களுக்கும் சற்றுக் குறைவு.

குளோரினில் மிச்சம் வைத்த வேறுபாட்டுக்கு வருவோம். ஹீலியம்-4 கருவைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு புரோட்டான்கள் 2.01456, இரண்டு நியூட்ரான்கள் 2.01732, மொத்தம் 4.03188. உண்மையில் அளந்தால் அந்தக் கருவின் நிறை 4.00151. ஏறத்தாழ 0.0304 அலகு குறைகிறது! துகள்கள் ஒன்றிணைந்தபோது அந்த நிறைக்கு ஈடான ஆற்றல் வெளியேறிவிட்டது. நிறையும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்ற ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை நேரில் காட்டும் கணக்கு இது. இந்தக் குறைவு கருவுக்குக் கரு வேறுபடும். அதனால்தான் குளோரின்-35 இன் உண்மை நிறை 34.969, குளோரின்-37 இன் உண்மை நிறை 36.966. நான்காம் படியின் கணக்கில் இவற்றைப் போட்டால் 35.45 சரியாக வந்து நிற்கும். சூரியன் எரிவதும் இந்தக் குறைவால்தான்.

படி 8: இன்னும் உள்ளே

எலக்ட்ரானுக்கு உட்கூறுகள் இருப்பதாக இதுவரை எந்தச் சோதனையிலும் தெரியவில்லை. புரோட்டானும் நியூட்ரானும் அப்படியில்லை. 1964-இல் மரி கெல்-மான், ஜார்ஜ் ஸ்வைக் ஆகிய இருவரும் தனித்தனியே, அவை குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்களால் ஆனவை என்ற கருத்தை முன்வைத்தனர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு முடுக்கி ஆய்வகத்தில், புரோட்டானுக்குள் புகுந்து சிதறிய எலக்ட்ரான்கள் அதற்குச் சான்று தந்தன. அப் குவார்க்கின் மின்சுமை +2/3, டவுன் குவார்க்கின் மின்சுமை −1/3. புரோட்டானில் இரண்டு அப், ஒரு டவுன்: 2/3 + 2/3 − 1/3 = 1. நியூட்ரானில் ஒரு அப், இரண்டு டவுன்: 2/3 − 1/3 − 1/3 = 0. படி 7-இல் நியூட்ரான் புரோட்டானாக மாறியதே, அங்கே ஒரு டவுன் குவார்க் அப் குவார்க்காக மாறுகிறது. குவார்க்குகளின் சொந்த நிறை, புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். மற்றதெல்லாம் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் விசையின் ஆற்றலும் அவற்றின் இயக்க ஆற்றலும்.

படி 9: நீங்களே போட்டுப் பாருங்கள்

மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பு-56 அயனி. அணு எண் 26, எனவே 26 புரோட்டான். 56 − 26 = 30 நியூட்ரான். 26 − 3 = 23 எலக்ட்ரான்.

இப்போது தலைகீழாக. 16 புரோட்டான், 18 நியூட்ரான், 18 எலக்ட்ரான் கொண்டது எது? புரோட்டான் 16 என்பதால் கந்தகம். 16 + 18 = 34, அதனால் கந்தகம்-34. எலக்ட்ரான்கள் இரண்டு கூடுதல், ஆகவே இரண்டு எதிர்மின்சுமை கொண்ட சல்ஃபைடு அயனி. 18 எலக்ட்ரான்களைப் பார்த்து ஆர்கான் என்று எழுதியிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

கடைசியாக ஒன்று. நைட்ரஜன்-14 கருவுக்குள் ஓர் ஆல்பா துகள் புகுகிறது; ஒரு புரோட்டான் வெளியேறுகிறது. மிஞ்சுவது எது? ஆல்பா துகள் என்பது 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் கொண்ட ஹீலியம் கரு. புரோட்டான்கள் 7 + 2 − 1 = 8; ஆக்சிஜன். நியூட்ரான்கள் 7 + 2 = 9. நிறை எண் 17. ரூதர்ஃபோர்டு 1919-இல் வெளியிட்ட சோதனை இதுதான். அவர் கண்டது வெளியேறிய புரோட்டானை மட்டுமே. மிஞ்சிய கருவைப் பார்க்க, பேட்ரிக் பிளாக்கெட், துகள்களின் தடங்களைக் காட்டும் முகில் அறையில் 20,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்தார். 1925-இல் அவர் வெளியிட்ட முடிவில், அத்தனை படங்களிலும் அகப்பட்ட இத்தகைய நிகழ்வுகள் எட்டே எட்டு. அந்தத் தடங்கள் காட்டிய விடையும் நீங்கள் இப்போது தாளில் எழுதியதேதான்: ஆக்சிஜன்-17.